விருந்து மண்டபத்துச் சுக்கான்

காலை எட்டு மணி ஆனால் நாடு புறப்பட்டுவிடும். ஒரு கடல்மைல் போய், ஒரு வட்டமடித்து, பழைய இடத்துக்கே வந்து நங்கூரம் போடும். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு குடிமக்களும் பல் தேய்த்து முடித்திருப்பார்கள்.

நாடு என்றால் ‘வெண்ணாரை’ என்ற கப்பல்தான். முதல் ஜனாதிபதியின் உல்லாசக் கப்பல். அவர் விருந்து வைத்தால் நாற்பது வகை அல்வா இருக்குமாம். சாப்பிட்டவர்கள் ஏப்பம் விடுவதற்குள் கப்பல் இரண்டு சாண் தாழ்ந்துவிடுமாம். விருந்தாளிகள் முன்னால் தானே கப்பலோட்டிக் காட்டவேண்டும் என்பதற்காக, விருந்து மண்டபத்திலேயே பித்தளையில் இன்னொரு சுக்கான் சக்கரம் வைத்துக்கொண்ட மகானுபாவர் அவர். அடுத்து வந்தவர் கூச்சப்பட்டுக் கப்பலை மீன்வளக் கல்லூரிக்குக் கொடுத்தார். பெரும்புயல் வருஷம் அது ஆஸ்பத்திரி ஆனது. கடைசியில் தீவுகள் முழுகியபோது நாடே ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய பெயர்ப்பலகை எதையும் யாரும் கழற்றவில்லை. அதனால் ஒரே கதவில் ‘விருந்து மண்டபம்’, ‘மீன் வகுப்பு’, ‘மகப்பேறு’ என்று மூன்று தொங்கின.

கப்பலைச் செலுத்துகிற பிலோமிக்கு அந்தக் கதவுதான் தலைவலி. உள்ளே இருக்கும் பித்தளைச் சக்கரத்தில் தாதி ரஹீமா குழந்தைத் துணி காயப்போடுவாள். ஈரத்துணி கனத்தால் நாடு இடப்பக்கம் இழுக்கும். “ஏ ரஹீமா, துணிய எடு! இலங்கைக்குப் போயிருவோம்!” என்று பிலோமி பேசுகுழாயில் கத்தாத நாளில்லை.

அன்றைக்கு மாதாந்திரச் சோதனைக்குக் கண்காணிப்பாளர் கதிரைவேலு வந்திருந்தார். உலகக் கடல் மன்றத்து ஆள். வருகைப் புத்தகத்தில் ‘நாடு’ என்ற கட்டத்தில் மாதாமாதம் ஒரு கோடு மட்டும் போடுவார். ஏன் என்று பிலோமி கேட்டதில்லை.

மன்றத்தின் விதி ஒன்றே ஒன்று. நிலமிழந்த நாட்டின் கப்பல், தினம் உச்சிப்பொழுதுக்குள், சொந்த எந்திரத்தில் ஒரு மைல் நகரவேண்டும். நாட்டின் தலைவர் கை சுக்கான் சக்கரத்தில் இருக்கவேண்டும். ஒரு நாள் தவறினாலும் அது கப்பலல்ல, மிதக்கும் குப்பை. நாட்டின் பெயர் அழிக்கப்படும்.

தலைவருக்குப் பஞ்சமில்லை. சமையற்கட்டில் அன்றைக்குப் பாத்திரம் கழுவும் முறை யாருக்கோ, அவரே ஜனாதிபதி. விடியலில் உறுதிமொழி எடுத்தால் மறு விடியல்வரை மாற்ற முடியாது. கர்ப்பிணி மெர்சலினுக்குப் பிரசவ நேரத்தில் தொந்தரவு வேண்டாமென்று, எல்லாரும் கூடிப் பேசி, அவள் முறையைப் பத்து நாள் முன்னே தள்ளி எழுதினார்கள். அந்த அன்புதான் வினையானது. விடியலில் உறுதிமொழி எடுத்தாள். ஏழரைக்கு ஜனாதிபதிக்கு வலி கண்டுவிட்டது.

எட்டு மணிப் புறப்பாடு தவறி, பத்தரை ஆனது. மகப்பேறு அறையிலிருந்து சுக்கான் அறைக்கு நான்கு மாடி ஏணி.

“தூக்கிட்டுப் போலாமா?” என்றாள் பிலோமி.

“என்னைத் தூக்கிருவியாக்கா?” என்று பல்லைக் கடித்தாள் மெர்சலின். “புள்ளைக்கு நாடு இல்லாமப் போயிருமேக்கா!”

பிலோமி சுற்றுமுற்றும் பார்த்தாள். கட்டிலருகே பித்தளைச் சக்கரம், ஏழு துணிகளோடு.

“ஐயா, சட்டத்துல எந்தச் சக்கரம்னு இருக்கா?”

வாசலில் நின்ற கதிரைவேலு கைத்திரையில் சட்டநூலை மேலும் கீழும் உருட்டினார். “சுக்கானோடு இணைந்த சக்கரம்னுதான் இருக்கு. இது இணைஞ்சிருக்கா?”

“தினம் ஈரத்துணி ஓட்டுது. ஜனாதிபதி ஓட்டமாட்டாங்களா?”

துணிகள் பறந்தன. கட்டிலைச் சக்கரத்தோடு ஒட்டிப் போட்டார்கள். “உள்ள வாங்க. கையை மட்டும் பாருங்க, கழுத்து திரும்பிச்சுன்னா ஊசி போட்ருவேன்” என்றாள் ரஹீமா. கதிரைவேலு சுவரைப் பார்த்து நின்று, கழுத்தில் தொங்கிய, படம்பிடிக்கும் சான்றுக்கருவியைத் தோளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டார்.

பதினொன்றுக்கு நாடு புறப்பட்டது. வலி வந்தால் மெர்சலின் சக்கரத்தை முறுக்குவாள். கப்பல் வலப்பக்கம் பாயும். வலி விட்டால் இடப்பக்கம். மேலே பிலோமி எந்திரத்தை அடக்கி அடக்கி ஓட்டினாள். சுறாமீன்களே ஒதுங்கி வழிவிட்டதாக இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

“கையை எடுத்திராத மெர்சி! இன்னும் கால் மைல்!”

“எங்கக்கா எடுக்கறது, இதை விட்டா வேற எதைப் பிடிக்க!”

மைல் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் பேசுகுழாயில் ஒரு புதுக் குரல் அழுதது. பிலோமிக்குக் கண் மறைத்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. பதினொன்று நாற்பத்தெட்டுக்கு ஒரு மைல்.

கதிரைவேலு கையெழுத்திட்டார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதினார். பிலோமி பாத்திரம் கழுவும் முறைப்பலகையில் கடைசியாக ஒரு பெயர் சேர்த்தாள்: மெர்சலின் மகள். முறை வரிசையில் இருநூற்றுப் பதின்மூன்றாவது.

“குழந்தைக்குமா?”

“பிறந்த எல்லாருக்கும் முறை உண்டு ஐயா. இவ முறை வர ஏழு மாசம் ஆகும், அதுக்குள்ள ஜனாதிபதிக்குப் பல்லு முளைச்சிரும். பாத்திரத்தை அம்மாக்காரி கழுவிக்குவா.”

அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். “எங்க கப்பல் பதினோரு நிமிஷம் தாமதம். ஒரே ஒரு நாள். நாற்பதாயிரம் பேருக்கு நாடு இல்லாமப் போச்சு.” பிறகு கேட்டார்: “இதுல பெயர் எழுத என்ன தகுதி வேணும்மா?”

பிலோமி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கரி பிடிச்ச அண்டா தேய்ப்பீங்களா?”

கதிரைவேலு சான்றுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.