சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்த குளிர்பெட்டி

வெள்ளிக்கிழமைதோறும் விண்நிலையத்திலிருந்து ஓர் இறங்குகலம் பூமிக்குக் கிளம்பும். அழுக்குத் துணி, பழுதான பம்பு, ஆய்வு மாதிரிகள் எல்லாம் அதில்தான் போகும். டவுன் பஸ் போவதை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? அதையும் யாரும் பார்ப்பதில்லை.

அன்று மட்டும் நிலையத்தில் இருந்த விஞ்ஞானி அமலோற்பவம் திரையை விட்டு நகரவில்லை. கலத்தில் அவளுடைய குளிர்பெட்டி இருந்தது. எடையற்ற வெளியில் மூன்று ஆண்டு பாடுபட்டு வளர்த்த மருந்துப் படிகங்கள். தரையிறங்கிய நாற்பது நிமிடத்துக்குள் உறைகிடங்குக்குப் போயாக வேண்டும். தவறினால் எல்லாம் கஞ்சியாகிவிடும். அவளும் வீடு திரும்ப முடியாது; இன்னும் மூன்று ஆண்டு, முதலிலிருந்து.

"பயப்படாதீங்க டாக்டர். இப்ப கீழ இறங்குதளத்துல மனுசனே கெடையாது. எல்லாம் மெஷின்தான்" என்றான் பொறியாளன் தங்கப்பழம்.

அதுதான் புதிய ஏற்பாடு. மனிதர்கள் தாமதப்படுத்துகிறார்கள் என்று அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இறக்குநன்கள் என்ற எந்திரங்களை அமர்த்தியிருந்தார்கள். முக்கியமான ஒன்று வந்து சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்க, நூறாண்டு வரவேற்பு விழாப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். அவையும் ஒன்று விடாமல் கற்றுக்கொண்டன.

கலம் இறங்கியது. ஓர் இறக்குநன் குளிர்பெட்டியை அலுங்காமல் தூக்கி வந்து மேடையில் வைத்தது. இன்னொன்று அதற்குப் பொன்னாடை போர்த்தியது. மற்றவை நாற்காலிகளைத் துடைத்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, வரிசையாக உட்கார்ந்தன. அதிலேயே அரை மணி நேரம் ஓடிவிட்டது.

அமலோற்பவம் வானொலியில் கத்தினாள்.

"பெட்டிய உள்ள கொண்டு போ! பத்து நிமிசந்தான் இருக்கு!"

"சற்றுப் பொறுத்தருள வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார்."

"யாரு அது?"

"தெரியாது. ஆனால் வந்துகொண்டேயிருக்கிறார்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. தங்கப்பழம் காதில் ஏதோ கிசுகிசுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாம்பா சிறப்பு விருந்தினர்! தொடங்கி வச்சாச்சு, எடுத்துட்டுப் போ!"

இறக்குநன் நாற்பத்தோராயிரம் விழாக்களின் பதிவை நிதானமாகப் புரட்டிப் பார்த்தது. அதற்கே ஒன்பது நிமிடம் ஆனது.

"மன்னிக்க வேண்டும் அம்மா. விழா தொடங்குவதற்கு முன்பே வந்திருக்கிறீர்கள். நீங்கள் சிறப்பு விருந்தினராக இருக்க வாய்ப்பேயில்லை."

அது பேசி முடிப்பதற்குள் பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. முன்வரிசை கைதட்டியது.