சர்க்கரைக் கூட்டின் சிவப்புக் கண்ணாடி

பல்செட்டுக்காரி அந்தப் பழைய வீட்டுச் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நடுப்பகல்தான். ஆனாலும் ஜன்னல்களில் அழுக்கு ஏறி, அறை கிணற்றின் அடி போல இருண்டு கிடந்தது. நனைந்த மரமும் புளித்த காடியும் கலந்த வாடை அடித்தது. வீட்டுக்கார அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்; வந்தவர்கள் விலைக்கு அள்ளிப்போனது போக மிச்சச் சாமான்கள் மேஜைமேல் இருந்தன.

ஊருக்கே பல்செட்டுக் கட்டித் தருகிறவள் அவள். தொழில் பல், பைத்தியம் வேறு. இங்கிலாந்தில் செய்த பழைய வெள்ளி முலாம் மேஜைச் சாமான் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும். உப்பும் கடுகும் முலாமைத் தின்றுவிடும் என்று, அந்தக் காலத்தில் வெள்ளிக் கூட்டுக்குள் வண்ணக் கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி வைப்பார்கள். உப்புக்கு நீலம், சர்க்கரைக்குச் சிவப்பு என்று அவள் அலமாரி ஜொலிக்கும். காலமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் போகும் பொருளைச் செய்தவளுக்கு, தன் கண்ணுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

மேஜைமேல் ஒரு சர்க்கரைக் கூடு. முலாம் உதிர்ந்து செம்பு பல்லிளித்தது. உள்ளே இருந்த சிவப்புக் கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி உடைந்துபோன நல்ல கூடு ஒன்று அவள் வீட்டில் சும்மா கிடந்தது. கிண்ணத்தை மட்டும் உருவித் துணியில் சுற்றினாள்.

வாசலில் நின்ற வீட்டுக் காவல்காரர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டையும் பிரிக்காதீங்கம்மா. வீட்டுக்காரம்மா விடமாட்டாங்க."

"விடமாட்டாங்களா? அவங்கதான் போயிட்டாங்களே!"

அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி ஒரு நூல் பெரிது. பல்செட்டு தேய்க்கும் எந்திரத்தில் கொடுத்து விளிம்பைத் தேய்த்தாள். சேகரிக்கிறவர்கள் செய்யக்கூடாத காரியம் என்று அவளுக்குத் தெரியாதா? ஆசை யாரை விட்டது! கிண்ணம் கூட்டுக்குள் கச்சிதமாக இறங்கியது.

எந்திரத்தை நிறுத்திய பிறகும் கண்ணாடி முனகிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஈர விரலால் யாரோ கண்ணாடி விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவுகிற சத்தம். போய்ப் பார்த்தாள். சிவப்புக் கிண்ணம் கூட்டை விட்டு வெளியே, மேஜைமேல் கவிழ்ந்திருந்தது. எடுத்து மறுபடி கூட்டில் வைத்தாள்.

திரும்பி வருவதற்குள் கவிழ்ந்திருந்தது.

அடுத்த நாள் அலமாரியிலிருந்த எல்லாக் கிண்ணங்களும் வெளியே கவிழ்ந்திருந்தன.

அதற்கும் அடுத்த நாள் ஒரு நீலக் கிண்ணம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய வீட்டின் அதே காடி வாடை அறையெங்கும் அடித்தது. பஸ் ஓட்டுகிற அவள் கணவர் சாப்பிட்ட கையோடு வாசற்படியில் நின்றார்.

"திருப்பிக் குடுத்துடும்மா," என்றார் ரகசியமாக. "இல்லைன்னா ஒண்ணொண்ணா உடைச்சிடும்."

"எப்படிங்க குடுக்கிறது? விளிம்பைத் தேய்ச்சாச்சு. பழைய கூட்டுல இனி நிக்காது."

"அப்போ மன்னிப்பாவது கேளு."

தேய்த்தது தப்புதான், அது அவளுக்கு உறுத்தியது. ஆனால் பிளந்த நீலக் கண்ணாடியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. "நான் தேய்ச்சது ஒண்ணு. அதுக்கு என் அலமாரியையே பலி கேக்குமா?" என்று உள்ளே போனாள்.

ரீங்காரம் நின்றது.

சர்க்கரைக் கூட்டின் பளபளத்த வெள்ளிப் பரப்பில் அவள் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம்.

வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளியில் தெரிந்த அந்த வாயைத் தொழில்காரக் கண்ணால் அளந்தாள்.

"ஈறு நல்லாத்தான் இருக்கு," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "பல்லில்லாத வாயை வெச்சுக்கிட்டு என்னை மிரட்டுறியா? வேணும்னா பட்டறைக்கு வந்து அளவு குடு, கட்டித் தர்றேன். என் சாமானை மட்டும் தொட்டே, நான் பொல்லாதவளாயிடுவேன்."

காலையில் பட்டறையைத் திறந்தபோது அளவெடுக்கும் தட்டு மேஜைமேல் இருந்தது. அதிலிருந்த ரோஸ் மெழுகில், பல்லே இல்லாத ஈறுகள் ஆழமாகப் பதிந்திருந்தன.

மெழுகு இன்னும் சூடாக இருந்தது.

"கையை வைக்காதே!" என்று கணவர் கெஞ்சினார். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது அவள் பிறவியிலேயே கிடையாது. அச்சு வார்த்தாள். பல் அடுக்கினாள். மெருகேற்றி, சாயங்காலம் சிவப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் செட்டை வைத்தாள். கிண்ணம் நிறையச் சர்க்கரைக்கட்டியும் போட்டாள். "தேய்ச்சதுக்கு இது சரியாப் போச்சு," என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

விடிந்தபோது பல்செட்டைக் காணோம். சிவப்புக் கிண்ணம் கூட்டுக்குள்ளேயே இருந்தது. அன்றும் அதற்கு அடுத்த நாளும் எதுவும் கவிழவில்லை, எதுவும் உடையவில்லை. கணவருக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். சாப்பாட்டு அறையில் யாருமில்லை.

கறுக். கறுக். கறுக்.

கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அடுப்பைவிட்டு நகராமல் குரல் கொடுத்தாள்.

"மெதுவா மென்னு தின்னு! கண்ணாடியைக் கடிச்சு வெச்சே, பல்லைக் கழட்டிடுவேன்."

சத்தம் நின்றது. பிறகு, மெதுவாக மெல்லத் தொடங்கியது.