சிவப்புத் தலை ஊசி

செவ்வாய், காலை.

ஷட்டரைத் தூக்கிய கடைக்காரி உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நான்காவது ஊசி வந்திருந்தது.

தையற்கடையின் சுவரில், துணி ஒட்டிய மெத்தென்ற பலகையொன்றில், தலைநகரத்தின் வரைபடம் மாட்டியிருந்தது. அடுத்த வாரம் கடைக்காரியும் அவள் கணவனும் அந்தப் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. அருங்காட்சியகம், கோட்டை, கடைவீதி என்று போகவேண்டிய இடங்களிலெல்லாம் அவள் நீலத் தலை ஊசி குத்தி வைத்திருந்தாள். இப்போது வந்திருப்பது நீலம் அல்ல. சாதாரணக் குண்டூசி, தலையில் சிவப்பு நகப்பாலிஷ் தோய்த்தது.

அப்படித் தோய்க்கிற பைத்தியம் ஒருத்திதான் இருந்தாள், அவள் தங்கை. இதே கடையில் கைத்தையல் பார்த்தவள். வேலைக்கு நடுவே புட்டியைத் திறந்து ஊசித் தலைகளை முக்கிக் காயவைத்து, "இதெல்லாம் நாம ஊர் சுத்தப் போற ஊசிக்கா" என்பாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. போகிற வயசே இல்லை.

முதல் ஊசியைக் கடைக்காரி பிடுங்கிக் குப்பையில் போட்டாள். மறுநாள் காலை அதே இடத்தில் அதே மாதிரி ஊசி. பிறகு இரண்டாவது, மூன்றாவது. அன்றிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று ஒரு கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தாள். இருபது வருஷத் தொழிலில் நடக்காதது.

மாடியில் குடியிருந்த இன்ஸ்பெக்டரம்மாவைப் போய்க் கூப்பிட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா காலில் மாவுக்கட்டோடு மெடிக்கல் லீவில் இருந்தார். திருடனைத் துரத்தி விழுந்துவிட்டார் என்று தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் அடைந்து கிடந்து வெறுத்துப்போயிருந்தவருக்கு எறும்பு காணாமல் போனாலும் விசாரிக்கத் தயார் என்கிற நிலைமை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லைங்க. நான்தான் திறந்தேன்."

"சாவி எத்தனை?"

"என்கிட்ட ஒண்ணு, வீட்டு ஆணியில ஒண்ணு. தங்கச்சிகிட்ட ஒண்ணு இருந்துச்சு. அது அவ சாமானோட அவ வீட்டுக்காரர்கிட்ட இருக்கும்."

"இந்த மேப் எப்ப மாட்டினது?"

"எட்டு மாசம் ஆச்சு. அவ வீட்டுச் சுவத்துல இருந்ததுதான். அவ ஞாபகமா இருக்கட்டும்னு அவ வீட்டுக்காரத் தம்பிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். பலகையோட கொடுத்தார். அப்ப மூணு சிவப்பு ஊசி இருந்துச்சு. அரண்மனை, மணிக்கூண்டு, படகுத்துறை. அவ்வளவுதான்."

"அவங்க வீட்ல நீங்க இதைப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன? போறப்பல்லாம் காட்டுவா. எப்பக்கா போலாம், எப்பக்கா போலாம்னு ஒரே நச்சரிப்பு. சீசன் முடியட்டும்டின்னு தள்ளிக்கிட்டே வந்தேன்." அவள் குரல் இறங்கியது. "நான் ஏமாத்திட்டேன்னு கோபமாங்க அவளுக்கு? இப்ப நான் போகக்கூடாதுன்னு சொல்றாளா? அது தெரியாம என்னால ரயில் ஏற முடியாது. கத்தரிக்கோல்கூடப் பிடிக்க முடியல."

இன்ஸ்பெக்டரம்மா வரைபடத்தருகே போனார். புதிதாக வந்த சிவப்பு ஊசிகளில் ஒன்றை இரண்டு விரலால் தொட்டார். கையோடு வந்துவிட்டது. ஊசி புத்தம் புதுசு, பளபளத்தது. அது இருந்த இடத்தில் காகிதத்தில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. ஊசியைத் திரும்ப வைத்தார். பிறகு கோட்டையில் இருந்த நீல ஊசியைப் பிடுங்கினார். அதற்கு நகம் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. அரண்மனையில் இருந்த பழைய சிவப்பு ஊசியோ துருவேறி, பல்லைக் கடித்து இழுத்தும் அசையவில்லை.

"ம்," என்றார். "இந்த நாலு இடத்துலயும் என்ன இருக்கு?"

"அதாங்க புரியல. ஒண்ணு லாட்ஜ் தெரு. ஒண்ணு சின்னப் பூங்கா. மத்த ரெண்டும் ஒண்ணுமில்லாத தெருமுனை. நாலும் பக்கத்து பக்கத்துல. அரண்மனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தப் பக்கம் யாரும் சுத்திப் பாக்கப் போகமாட்டாங்க."

கடைக்குள் வெளிச்சம் இருந்தது. ஆனாலும் தங்கை உட்கார்ந்து தைத்த நாற்காலியைக் கடந்து போகும்போது இருவரும் சற்று ஒதுங்கியே நடந்தார்கள். போலீஸ்காரியான தானும் ஒதுங்கியதை இன்ஸ்பெக்டரம்மா கவனித்தார், அவருக்கு அது பிடிக்கவில்லை.

செவ்வாய், மதியம்.

கடைக்காரியின் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பேய் என்றால் தெருவே மாறிப் போகும் ரகம்.

"ஊசி நீங்க வச்சீங்களா?"

"நானா? எனக்கு அந்தக் கடைக்குள்ள பகல்ல போகவே பயங்க. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு சொல்லிட்டிருக்கேன்."

"ஊசி எங்க இருக்கு, சொல்லுங்க."

"மேப்லதான்."

"மேப்ல எங்க?"

"அதெல்லாம் யாருங்க பாத்தா? மேல எங்கயோ. ஏங்க, எந்த இடம்? ஏதாவது சுடுகாடா?"

அவனை அனுப்பிவிட்டு, தங்கை கணவனை வரச்சொன்னார். அவன் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் டெஸ்டர், கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. கடையின் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"உங்க மனைவியோட சாவிக்கொத்து?"

"என்கிட்டதான் இருக்கு."

"கடைச் சாவியும் அதுல இருக்கா?"

"இருக்கு."

"மேப்ல ஊசி வருதாமே."

"அக்கா சொன்னாங்க."

"என்ன நினைக்கிறீங்க?"

"என்ன நினைக்கறது? அவ ரொம்ப ஆசைப்பட்ட ஊர் அது."

"பேய்னு நம்பறீங்களா?"

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. "இருந்தா நல்லா இருக்கும்னு தோணும் மேடம்," என்றான். அதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவன் போன பிறகு கடைக்காரியைக் கூப்பிட்டு, ஊசிகளையெல்லாம் குறட்டால் பிடுங்கி வரைபடத்தைப் பலகையிலிருந்து கழற்றச் சொன்னார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார்கள். மதிய வெயில் காகிதத்தின் பின்னால் விழுந்தது. ஊசி இருந்த இடங்களில் எல்லாம் வெளிச்சப் புள்ளிகள். அரண்மனையில் ஒரு புள்ளி, மணிக்கூண்டில் ஒன்று. லாட்ஜ் தெருவையும் பூங்காவையும் சேர்த்து அந்த நாலு இடத்திலும் மட்டும் புள்ளிகள் பெரிசாக இருந்தன. அவற்றின் நடுவே, இதுவரை ஊசியே வராத ஓர் இடத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று பளிச்சென்று எரிந்தது.

கடைக்காரி மூச்சை இழுத்துப் பிடித்தாள். "இது என்ன இடங்க?"

இன்ஸ்பெக்டரம்மா கண்ணைச் சுருக்கி, வெளிறிய கட்டத்துக்குள் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "நாளைக்குச் சொல்றேன். உங்க வீட்டுக்காரரையும் தம்பியையும் வரச்சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார்.

புதன், காலை.

வரைபடம் ஊசிகளோடு பழையபடி பலகைக்குத் திரும்பியிருந்தது. அன்று புது ஊசி எதுவும் வரவில்லை. நாலு பேரும் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"பேய் இல்ல," என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டரம்மா. வேன் டிரைவர் பெருமூச்சு விட்டான். "ஆனா இதுக்குப் பேயே பரவாயில்லன்னு உங்களுக்குத் தோணலாம். சொன்னா தாங்குவீங்களா?"

"தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல," என்றாள் கடைக்காரி.

"சரி. ஊசி புதுசு, சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் எல்லாரும் பாத்தோம். ஓட்டையை யாரும் பாக்கல. ஊசி நேத்து வந்தது. அதைச் சுத்தி இருக்கற துரு வளையம் நேத்து வந்ததில்ல. அங்க ரொம்ப நாள் வேற ஊசி இருந்திருக்கு. யாரோ புது இடமா பாத்துக் குத்தல, பழைய ஊசி இருந்த ஓட்டையிலயே புது ஊசியை வைக்கறாங்க. சட்டுனு கண்ணுல படாத ஓட்டை. எங்கன்னு முன்னாடியே தெரிஞ்சவங்களாலதான் முடியும். இந்தப் பலகையை உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

கடைக்காரி மெதுவாகத் திரும்பி எலக்ட்ரீஷியனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"உங்க சகலை எந்த இடம்னு கேட்டார்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா அவனிடம். "நீங்க கேக்கவே இல்ல. சுவரைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"நான்தான் வச்சேன்," என்றான்.

"ஏன் தம்பி?" கடைக்காரிக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "என்னைப் பயமுறுத்தவா?"

"இருங்க, இன்னும் முடியல," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஒரு தடவை குத்தின ஊசி இறுகி நிக்கும். அரண்மனை ஊசி எனக்கே வரல. இந்த நாலும் கையோட வருது. ஏன்? அதுகளைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி, திரும்பத் திரும்பக் குத்தியிருக்காங்க. அதாவது யாரோ வரும்போது ஒளிச்சு வச்சிருக்காங்க. யார் வரும்போது? அந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் மேப்பைப் பாத்தும், இந்த ஊசிகளை ஒரு தடவைகூடப் பாக்காத ஆள் நீங்கதாம்மா."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அந்தப் பெரிய ஓட்டை இதய ஆஸ்பத்திரி. லாட்ஜ் தெரு அதுக்குப் பின்பக்கம். தெருமுனை ரெண்டும் அதுக்குப் போற வழி. பூங்கா, நடுவுல உக்காந்து மூச்சு வாங்கறதுக்கு."

"மூச்சு..." என்றாள் கடைக்காரி. கடைசி மாதங்களில் தங்கை கடைப் படியேறும்போது பாதியில் நின்று நின்று வந்தது ஞாபகம் வந்தது. கிழவியாயிட்டியாடி என்று இவள் கேலி செய்ததும் ஞாபகம் வந்தது.

எலக்ட்ரீஷியன் பேசினான். "நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னார். தலைநகரத்துக்குப் போய் ஆபரேஷன் பண்ணணும்னார். நான் கூப்பிட்டேன் அக்கா. அவளுக்குப் பயம். அக்கா கூட இருந்தாதான் படுப்பேன்னுட்டா. இங்க சொன்னா நீங்க உடைஞ்சுபோயிடுவீங்களாம். ஊர் சுத்தற மாதிரி கூட்டிட்டுப் போய், ரெண்டு நாள் அரண்மனையெல்லாம் காட்டி, அங்க வச்சு சொல்லிக்கலாம்னா. வாசல்ல உங்க குரல் கேட்டா ஓடிப்போய் அஞ்சு ஊசியையும் பிடுங்குவா. நீங்க போனதும் குத்துவா. கடைசியா பிடுங்கினது நான். நீங்க பலகையைக் கேட்டு வந்தப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்ல மாட்டேன்னு அவ தலையில கை வச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். போன வாரம் நீங்க டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டி, அவ ஆசைப்பட்டதை எல்லாம் பாத்துட்டு வரோம்னு சிரிச்சீங்க. எனக்குத் தாங்கல. ஊசி குத்த மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல. பழசுல ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு, மத்ததுக்குப் புது ஊசியை அவ பாலிஷ்ல முக்கினேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல. நான் அவளைத் தூக்கிட்டாவது போயிருக்கணும். சரி சரின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன் பாருங்க."

"எப்பக்கா போலாம்னு கடைசியா எங்கிட்ட எப்ப கேட்டா? எனக்கே ஞாபகமில்ல," என்றாள் கடைக்காரி.

அவன் தயங்கினான். இன்ஸ்பெக்டரம்மா வேண்டாம் என்பதுபோலக் கையைத் தூக்கி, இறக்கிக்கொண்டார்.

"அவ கண்ணை மூடின வாரம்தான். அந்த மாசக் கல்யாணத் துணி முடியட்டும்னீங்களாம்."

கடைக்காரி அழவில்லை. கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து, டெஸ்டருக்குப் பக்கத்திலிருந்து, ஐந்தாவது ஊசியை எடுத்தான். இது புதுசில்லை, துருவேறியிருந்தது. இதை மட்டும் அவனால் குத்த முடியவில்லை.

அவள் அதை வாங்கி ஆஸ்பத்திரிக் கட்டத்தில் குத்தினாள். நிற்கவில்லை, கீழே விழுந்தது. மறுபடி குத்தினாள். மறுபடி விழுந்தது. அந்த ஓட்டை அவ்வளவு பெரிசாகப் போயிருந்தது. எத்தனை தடவை தங்கை வீட்டு வாசலில் நின்று, வந்துட்டேன்டி என்று குரல் கொடுத்திருப்பாள் என்று அந்த ஓட்டை சொல்லிற்று. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேன் டிரைவர் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

அழுது முடித்தபின் எழுந்தாள். சட்டைக் காலருக்குள் வைக்கிற கான்வாஸ் துணியில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். நைந்துபோன பொத்தான் துளைக்கு முட்டுக் கொடுப்பதுபோல அதை வரைபடத்தின் பின்னால் ஒட்டி, மேலிருந்து ஊசியைக் குத்தினாள். நின்றது. பிறகு நீலத் தலை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேஜையில் போட்டாள்.

"டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடவா?" என்றான் கணவன்.

"வேண்டாம். தம்பிக்கும் ஒண்ணு எடுங்க." ஆஸ்பத்திரி ஊசியை விரலால் தொட்டபடியே நின்றாள். "அந்த வாசல்ல போய் நான் குரல் கொடுக்கணும்."