ஊன்றாத கைகள்

காலை பதினொரு மணிக்கு இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்தார். பெண் ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. முந்தின வழக்கில் கெட்ட தூக்கமே அவள் கண்ணில் இன்னும் தீரவில்லை.

“இவன்தான் மேடம் தள்ளிவிட்டான்!”

இறந்தவரின் தம்பி, அண்ணியின் தம்பியைச் சட்டையோடு பிடித்து நிறுத்தியிருந்தான். பிடிபட்டவன் பூச்சு வேலைக்காரன். சாரத்தில் கொத்தனாரோடு நின்றது அவன் ஒருவன்தான். உதடு கிழிந்திருந்தது, ஏற்கெனவே நாலு வாங்கியிருந்தான்.

“நேத்து ரெண்டு பேருக்கும் சண்டையாமே?”

“சாந்து கட்டியாயிருக்குன்னு திட்டினாரு, நானும் திட்டினேன். அதுக்காக அக்கா புருஷனத் தள்ளுவேனா மேடம்?”

“விழும்போது கத்தினாரா?”

“இல்ல. மொதல்ல அவரு கையில இருந்த பூச்சுக் கரண்டி விழுந்துச்சு. அப்புறம்தான் அவரு.”

இறந்தவரின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். சிராய்ப்பே இல்லை.

“உங்க குடும்பத்துல இப்படிச் சின்ன வயசுல வேற யாராவது போனாங்களா?”

“எங்களுக்கு நேரமே சரியில்ல மேடம்,” என்றான் தம்பி. “அப்பா தண்ணில போனாரு. அத்தை மண்டை உடைஞ்சு. ஆனா இது கொலை!”

மறுநாள் மாலை, பதிவு அலுவலகத்தின் படிகளை ஏறி இறங்கிய முழங்கால் வலியோடு, இரண்டு இறப்புச் சான்றுகளை மேசையில் போட்டாள். தம்பியையும் பூச்சு வேலைக்காரனையும் எதிரே உட்கார வைத்தாள்.

“எதனால செத்தாங்கன்னு மட்டும் பாத்தீங்க. எங்க செத்தாங்கன்னு யாரும் பாக்கல. அப்பா, முழங்கால் ஆழ வாய்க்கால்ல. அத்தை, வீட்டுக் கூடத்துல நின்ன எடத்துல. முழங்கால் தண்ணில ஆள் மூழ்கணும்னா, விழறதுக்கு முன்னாடியே நினைவு போயிருக்கணும். தள்ளிவிட்டா மனுஷன் கத்துவான், கைய ஊனுவான். உங்க அண்ணன் ரெண்டும் செய்யல. கரண்டி நழுவினப்பவே அவரு போயாச்சு.”

“அப்ப யாரு மேடம்?”

“பிரேதத்த அறுத்த டாக்டர்கிட்ட இதக் காட்டினேன். நெஞ்சுத் துடிப்பு திடீர்னு நின்னுபோற வியாதி, வழிவழியா வரும்ங்கறாரு. கொலைகாரன் உங்க ரத்தத்துலதான் இருக்கான்.”

கைது செய்ய ஆளில்லாத வழக்கு. நாற்காலியில் சாய்ந்து, இறந்தவரின் தம்பியைப் பார்த்தாள்.

“தம்பி, உனக்கு எப்பவாச்சும் கண்ணு இருட்டுமா?”

அவன் முகம் வெளுத்தது. “அப்பப்ப... பசி மயக்கம்னு நெனச்சேன்.”

“நாளைக்கு எங்க வேலை?”

“அண்ணன் எடத்துல. அதே சாரத்துல.”

உதடு கிழிந்தவன் எழுந்து அவன் தோளைப் பற்றினான்.

“சாரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நட மச்சான் ஆஸ்பத்திரிக்கு. படியில பாத்து எறங்கு, நான் பிடிச்சுக்கறேன்.”