மஞ்சளில் ஒரு ‘தவறு’

யோகேஸ்வரி ஐந்தாம் ஆண்டு மாணவி. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் அவள் ஒரு புதிர் விளையாட்டை எழுதியிருந்தாள். அதில் படம் இல்லை, பாட்டு இல்லை. கறுப்புத் திரையில் கேள்வி வரும், விடையைத் தட்ட வேண்டும். விடை சரியென்றால் பச்சை எழுத்தில் வரும். தவறென்றால் சிவப்பு.

பெற்றோர் நாளன்று எல்லாரும் அதை விளையாடப் போகிறார்கள். அதற்குமுன் நண்பர்கள் விளையாடிப் பார்த்தார்கள்.

முதலில் மகேன் உட்கார்ந்தான். கேள்வி நீளமாக இருந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் பெயர் உடைந்து, வரியின் கடைசியில் ‘பிரிஞ்’ என்று நின்று, ‘சாங்’ அடுத்த வரிக்குப் போய்விட்டது.

“சாங்கா? அது எந்த ஊருலா?” என்றான் மகேன்.

எல்லாரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியும்தான்.

அடுத்து கோகிலன். பொது அறிவில் அவனை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. விடையைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்தான்.

“இது சரியா, தப்பா?”

“சிவப்பா வந்துச்சே! கண்ணு தெரியலையா?” என்றான் மகேன்.

கோகிலனின் முகம் சுருங்கியது. “நான் விளையாடல,” என்று வெளியே போய்விட்டான்.

யோகேஸ்வரி பின்னாலேயே ஓடினாள். அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

“எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். யார்கிட்டயும் சொல்லாத.”

“சொல்ல மாட்டேன். எந்த கலர் நல்லா தெரியும்?”

“நீலம். மஞ்சள்.”

அவள் திரும்பிப் போய்ப் பச்சையை நீலமாகவும் சிவப்பை மஞ்சளாகவும் மாற்றினாள். பிறகு யோசித்தாள். நீலமும் தெரியாத ஒருவர் வந்தால்? விடைக்கு முன்னால் ‘சரி’, ‘தவறு’ என்ற சொற்களையும் சேர்த்தாள். சொல்லுக்கு நடுவில் உடைக்காமல், இடைவெளி உள்ள இடத்தில் வரியை மடிக்கக் கணினிக்குச் சொன்னாள்.

ஓட்டிப் பார்த்தாள். ஒரு தவறான விடைக்குப் பிறகு வந்த எல்லா வரிகளும் மஞ்சளாகிவிட்டன. நிறத்தை அந்த வரியோடு நிறுத்தச் சொல்ல மறந்திருந்தாள்!

“என்னலா, மஞ்சத்தண்ணி ஊத்திட்டியா?” என்றான் மகேன். “ஏன் மாத்துன?”

“இப்பத்தான் படிக்கச் சுலபமா இருக்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதையும் சரிசெய்தாள்.

பெற்றோர் நாளன்று கோகிலன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். ஒரு ‘சரி’ வந்தது. இன்னொரு ‘சரி’. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தட்டத் தொடங்கினான். பின்னால் நின்ற பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் அவன் திரும்பினான்.

“எல்லாம் ரொம்ப ஈசிலா! கொஞ்சம் கஷ்டமா கேக்கக்கூடாதா?”

யோகேஸ்வரி இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

“நீயே கேள்வி சொல்லு. நான் தட்டுறேன்.”