கிளிப்பச்சை முகூர்த்தம்

காலை எட்டு மணிக்குத் திருப்பூரில் யாரையும் வீட்டுக்குள் பார்க்க முடியாது. ஊரே தெருவில் நிற்கும். அரை மணி நேரம் முகம் காட்டி, அரை மணி நேரம் முதுகு காட்டி. பணியாரம் திருப்பிப் போடுவது மாதிரிதான். துணியில் ஏறிய மின்சாயம் வெயிலை மின்சாரமாக்கி இடுப்பு மின்கலத்தில் சேர்க்கும். அப்புறம்தான் வீட்டில் மிக்ஸி ஓடும்.

மின்சாயத்தின் நடுவில் ருத்தேனியம் என்ற உலோகம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது அரக்கு நிறம். நாற்பது வருஷமாகக் கைக்குழந்தைக்கும் அரக்குதான், கலெக்டருக்கும் அரக்குதான். இருபது அலகு மின்சாரத்துக்குக் குறைவாகத் தரும் துணிக்குத் துணி வாரியம் முத்திரை குத்தாது. முத்திரை இல்லாததை வெளியே உடுத்தக் கூடாது.

எனக்குப் பேசிய பெண் சிந்தாமணி, சாயப்பட்டறை வேதியியலாளர். பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, பச்சைச் சேலையிலதான் நான் தாலி கட்டிக்குவேன். ஒத்து வராட்டி இப்பவே சொல்லிப்போடுங்க."

"பச்சையில மின்சாயம் ஏதுங்க?"

"வளைய மூலக்கூறுக்கு நடுவுல துத்தநாகத்த உக்கார வெச்சாப் பச்சை வருமுங்க. கரண்டும் வரும். வர வெக்கிறேன்."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஏழு மாதம் மல்லுக்கட்டினாள். சோதனைக் கூடத்தில் எப்போது அளந்தாலும் பதினேழு. ஆனாலும் முகூர்த்தத்தன்று கிளிப்பச்சையில்தான் வந்து மணையில் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதில்லை. உறவுக்கூட்டம் சுற்றி வெயிலில் நின்றால்தான் சமையல் அடுப்பு எரியும். வாரிய அதிகாரி கோதைநாயகி சேலையை அளக்க மின்மானியோடு வந்தார். என் மாமியார் கையில் அரக்குச் சேலை தயாராக இருந்தது.

இருபத்தாறு!

அதிகாரி மானியைத் தட்டிப் பார்த்தார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க."

பதினேழு. திரும்பக் கூப்பிட்டார். இருபத்தாறு. என் பெரியப்பா இன்னும் நெருங்கி நின்றார். இருபத்தேழு.

சிந்தாமணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அரக்குத் துணி சிவப்பு வெளிச்சத்த வேண்டாமுன்னு திருப்பி அனுப்புதுங்க. பச்சைச் சாயத்துக்கு அதுதான் சோறு. கூட்டத்துக்கு நடுவுல நின்னா ஒண்ணரைப் பங்கு கெடைக்குது. நான் ஒரு கூறுகெட்டவ, ஏழு மாசமாச் சேலையத் தனியாத் தொங்கவிட்டே அளந்திருக்கேன்!"

ஜனம் கைதட்டியது. கோதைநாயகி முந்தானையில் முத்திரை குத்தினார். பிறகும் நகரவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நீலம் வருமா கண்ணு?"

"யாருக்குங்க அக்கா?"

"எனக்குத்தான். என் கல்யாணத்துல எந்த நிறம் புடிக்குமுன்னு ஒருத்தருங் கேக்கல."

தாலியை நீட்டியிருந்த என் கையைச் சிந்தாமணி ஒதுக்கினாள். "சித்தெ இருங்க" என்றாள் என்னிடம். பிறகு அவர் கையைப் பிடித்து, "எந்த நீலமுங்க?" என்று கேட்டாள்.

அந்தம்மா கண்ணை மூடி யோசித்தார். முகூர்த்தம் காத்திருந்தது.