பாட்டு டீச்சரின் காது

காபி டம்ளரை மாமியார் மேசையில் வைத்த வேகத்திலேயே மருமகளுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்குத் தனக்கு அர்ச்சனை நிச்சயம் என்று. என்ன குற்றம் என்றுதான் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. அவள் வாயைத் திறக்கவே கூடாது.

குரல்வளையில் வளர்ந்திருந்த ஒரு முடிச்சை அறுத்து எடுத்திருந்தார்கள். புண் முழுசாக ஆறும்வரை பேச்சு கிடையாது, கிசுகிசுப்பும் கிடையாது. மீறினால் குரல் திரும்பி வருவதற்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் சிலேட்டும் கையுமாக வீட்டில் வளைய வந்துகொண்டிருந்தாள், பாவம்.

முடிச்சு ஏன் வராது? கச்சேரி மேடை, நாட்டியத்துக்குப் பின்பாட்டு, கிதார்க்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு இசைக்குழு, கம்ப்யூட்டரில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு, நடுநடுவே டப்பிங் படங்களுக்குப் பாட்டு. ஒரு தொண்டை எத்தனை வேலைதான் பார்க்கும்! தெருவே 'பாட்டு டீச்சர்' என்று கூப்பிடும் அவள் மாமியாருக்கோ இந்தப் பட்டியலில் முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் வேப்பங்காய்.

"நேத்துப் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன்" என்று ஆரம்பித்தார் பாட்டு டீச்சர். "அங்க டிவியில ஒரு மெத்தை விளம்பரம். ஆலாபனை பண்ணி மெத்தை விக்கிறாங்க. பாடினது யாரு தெரியுமா? சாட்சாத் இவதான்."

பேப்பரிலிருந்து மகன் தலை நிமிர்ந்தான். "பழசா இருக்கும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி பாடியிருப்பா."

"எனக்கே காது குத்தறியா? கடையில போய் விசாரிச்சுட்டேன். அந்த மெத்தையே போன வாரம்தான் வந்திருக்கு, பாட்டை ஆபரேஷனுக்கு அப்புறம்தான் பதிவு பண்ணினாங்களாம். என் பாட்டுப் பள்ளிக்கூட ஆண்டு விழாக் கச்சேரியைத் தொண்டைப் புண்ணுன்னு சொல்லி ரத்து பண்ண வெச்சா. நான் பத்திரிகை வெச்சவங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கூனிக் குறுகினேன். இவ ரகசியமா ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிட்டு, வீட்டுக்கு வந்து ஊமை வேஷம் போடறா."

அந்த விளம்பரம் மருமகளுக்குத் தெரியும். பாடியது யார் என்றும் தெரியும்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. அங்கே நின்றவள் பாட்டு டீச்சரின் சொந்த மகள், மருமகளுக்கு நாத்தனார். சின்ன வயசிலேயே அவளை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டார் அம்மா. சுருதி நிற்காத தொண்டை, என் பேரைக் கெடுக்காதே என்று தீர்ப்பு. அதற்கப்புறம் அவள் இந்த வீட்டில் முணுமுணுத்துக்கூட யாரும் கேட்டதில்லை. கணக்கு வேலைக்குப் போனாள், வந்தாள். ஆபீசுக்குக் காரில் கூட்டிப் போகிற சாக்கில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அண்ணிதான் வருஷக்கணக்கில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாய்ப்பையும் அண்ணிதான் வாங்கித் தந்தாள். தைரியம் வந்ததும் நானே சொல்றேன் அண்ணி, அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க என்று சத்தியம் வாங்கியிருந்தாள் நாத்தனார்.

"மேல் ஸட்ஜத்துலேர்ந்து இறங்கும்போது இவளுக்கு ஒரு நடுக்கம் வரும்" என்றார் பாட்டு டீச்சர். "தப்புதான். நான் என்ன பாடுபட்டும் போகலை. அது உலகத்துல வேற ஒரு தொண்டையில கிடையாது. என் காது பொய் சொல்லாது. எழுதுடீ… நீயா, இல்லையா?"

கணவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன்தான்… மாமியார் சொன்ன அத்தனையும் வலிக்கவில்லை, அதுதான் வலித்தது.

இல்லை என்று எழுதினால் அடுத்த கேள்வி, வேறு யார்? அவள் சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. சிலேட்டை எடுத்து 'நான்தான்' என்று எழுதினாள்.

"பார்த்தியாடா?" பாட்டு டீச்சரின் குரல் உடைந்தது. "நம்பினேனேடா இவளை. என் பொண்ணுக்கு இல்லாத ஞானம் இவளுக்கு இருக்குன்னு தலையில தூக்கி வெச்சுக்கிட்டேனே… சரி. மெத்தைக்காரனுக்குப் பாடினதை எனக்கும் பாடு. இப்பவே. என் முகத்தைப் பார்த்துப் பாடு."

"அம்மா, வேண்டாம்…"

"நீ சும்மா இரு. பாடின தொண்டைதானே? பாடட்டும். பாடலேன்னா எதுக்கும் வாயைத் திறக்க வேண்டாம், பெட்டியைக் கட்டட்டும்."

அவள் எழுந்து நின்றாள். பாடாவிட்டால் மாமியார் குடைந்து குடைந்து கேட்பார். உண்மை இப்படி வெளியே வந்தால் சமையலறையில் இருப்பவள் இனி ஜென்மத்துக்கும் பாட மாட்டாள். பாடினால்… அதை நினைக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்களை மூடி, மூச்சை இழுத்து, உதட்டைப் பிரித்தாள்.

பாட்டு கேட்டது.

அதே ஆலாபனை. மேல் ஸட்ஜத்தைத் தொட்டு, இறங்கும்போது அதே நடுக்கம். மருமகளின் வாய் வெறுமனே திறந்தபடி இருக்க, குரல் சமையலறையிலிருந்து வந்தது. பாட்டு டீச்சர் எதிரே நின்றவளின் தொண்டையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சோப்பு நுரைக் கையோடு மகள் வெளியே வந்தாள். "நான்தான்மா பாடினேன். அண்ணிகிட்ட கத்துக்கிட்டேன். அவங்க தப்பையும் சேர்த்தே கத்துக்கிட்டேன். உனக்குத் தெரிஞ்சா திரும்பவும் எழுப்பி அனுப்பிடுவியோன்னு பயந்து… நான் ஒரு கோழை. அவங்களைத் திட்டாதே."

"சுருதி அசையலையேடீ" என்றார் பாட்டு டீச்சர், சின்னக் குரலில். "இதையா நான் வேண்டாம்னு சொன்னேன்…"

பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. பதறி எழுந்து மருமகளின் தொண்டையைத் தடவினார். "பாடிடப் போனியே… இவளுக்காக உன் பொழப்பையே தொலைக்கப் பார்த்தியே. பாடச் சொன்னவ நானாச்சே, பாவி…"

கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை.

அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது அவளுக்கு நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. விம்மல் தொண்டைக்கு ஏறுவதற்குள் பாட்டு டீச்சர் அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தி, தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"சத்தம் வேண்டாம்மா… புண்ணு பிரிஞ்சிடும்" என்றார். "நீ பேசாம இரு. உனக்கும் சேர்த்து நானே அழுதுடறேன்."